திவால் தடையும் கடன் கொடுத்தவரின் மனுவும்

அமெரிக்காவில் ஒருவர் திவால் மனுவைத் தாக்கல் செய்த கணமே அவர்மீது நடந்துகொண்டிருந்த கடன் வசூல் நின்றுவிடுகிறது. நீதிபதி கையெழுத்திட வேண்டியதில்லை. யாரும் வாதாட வேண்டியதில்லை. கடன் கொடுத்தவருக்குத் தகவல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் எதிர்பார்ப்பதில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் அடமான வீடுகளை ஏலம் விடுவதற்கு ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை, காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடைப்பட்ட நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் செவ்வாய் காலை ஒன்பதரைக்கு வீட்டுக்காரரின் வழக்கறிஞர் மின்னணு முறையில் திவால் மனுவைப் பதிவு செய்துவிட்டால், பத்தரைக்கு அந்த வீட்டை ஏலம் விடுவது சட்ட மீறல். வங்கி அடுத்த மாதத்துச் செவ்வாய் வரை காத்திருந்தாலும் போதாது. அதற்குள் நீதிமன்றத்திடம் அனுமதி பெற்றிருந்தால்தான் ஏலம் நடக்கும்.

அந்த அனுமதியைக் கேட்பதற்கான வழி, தடை விலக்கு மனு. அமெரிக்கத் திவால் நீதிமன்றங்களில் அன்றாடம் விசாரணைக்கு வரும் மனுக்களில் இதுவும் ஒன்று. மனு சிறியதுதான், ஆனால் ஒரு குடும்பம் வீட்டில் தொடர்ந்து இருக்குமா, ஒரு தொழிற்கூடம் நாளைக்குத் திறக்குமா என்பது பல சமயம் இதன் முடிவில்தான் இருக்கிறது.

தடையின் ஊற்றுக்கண் திவால் சட்டத்தின் 362-ஆம் பிரிவு. அதற்கு முந்தைய 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 1978-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இது. 1979 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வழக்குப் போடுவது, நடக்கும் வழக்கைத் தொடர்வது, கிடைத்த தீர்ப்பை நிறைவேற்றுவது, சம்பளத்தில் பிடித்தம் செய்வது, தவணை பாக்கிக்காகக் காரைத் தூக்கிக்கொண்டு போவது, தொலைபேசியில் கெடுபிடி செய்வது எல்லாவற்றையும் அந்தப் பிரிவு ஒரே வீச்சில் நிறுத்துகிறது. கடனாளி மூச்சு விட்டுக்கொள்ள அவகாசம் தருவது இதன் ஒரு நோக்கம். இன்னொரு நோக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் பந்திக்கு முந்துவதுபோல ஓடிவந்து கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டால், கடைசியில் வருபவருக்கு ஒன்றும் மிஞ்சாது. எல்லோரையும் ஒரே நேரத்தில் நிறுத்திவைப்பதால் சொத்து சிதறாமல் இருக்கிறது. பின்னால் ஒழுங்காகப் பங்கிட முடிகிறது. ஆகவே தடை கடன் கொடுத்தவர்களையும் சேர்த்தே காக்கிறது.

சில விஷயங்களைத் தடை தொடுவதே இல்லை. குற்றவழக்கு நடக்கும். மனைவிக்கும் குழந்தைகளுக்கும் தரவேண்டிய ஜீவனாம்ச வழக்கு நடக்கும். பொதுமக்களின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்து விளைவிக்கும் ஆலையை அரசு மூடலாம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி, திவால் மனுவுக்கு முன்பே வீட்டுச் சொந்தக்காரர் தீர்ப்பு வாங்கியிருந்தால், சில நிபந்தனைகளோடு அவரும் மேலே போகலாம். இவர்களுக்கு அனுமதி தேவையில்லை. மற்ற எல்லோரும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டத்தான் வேண்டும்.

தட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர்கள்: வீட்டை அடமானமாக வைத்திருக்கும் வங்கி, காரின்மேல் உரிமை வைத்திருக்கும் நிதி நிறுவனம், இயந்திரங்களை ஈடாகப் பிடித்துக்கொண்டு தொழிலுக்குக் கடன் தந்தவர். கிரெடிட் கார்டு நிறுவனத்துக்கும் பாக்கி வரவேண்டிய மருத்துவமனைக்கும் இந்த மனுவால் பயனில்லை. குறிப்பிட்ட எந்தப் பொருளும் அவர்களுக்கு ஈடாக இல்லாததால், தங்கள் பாக்கியை எழுதிக்கொடுத்துவிட்டு மற்றவர்களோடு வரிசையில் நிற்பதுதான் அவர்களுக்கு வழி.

இந்த இடத்தில் இந்தியப் பழைய சட்டத்தோடு பெரிய வேறுபாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘ஐ.பி. கொடுப்பது’ என்று பேசப்படும் தனிநபர் திவாலுக்கு, சென்னை நகரில் 1909-ஆம் ஆண்டுச் சட்டமும் மற்ற இடங்களில் 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் அடிப்படையாக இருந்துவருகின்றன. அவற்றிலும் நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் கடனாளிமேல் வழக்குப் போட முடியாது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு திவாலானவர் என்று அறிவித்து ஆணை பிறந்த பிறகுதான் வரும். ஈடு வைத்திருப்பவர் தன் ஈட்டை விற்றுப் பணமாக்கிக்கொள்வதையும் அது தடுக்காது. அமெரிக்காவில் மனு பதிவான நொடியிலேயே ஈடு வைத்திருப்பவரும் நிறுத்தப்படுகிறார். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டம், நிறுவனங்கள் விஷயத்தில், ஈட்டுக் கடன்காரரையும் நிறுத்துகிறது. ஆனால் தனி ஒருவர் போய்த் தனக்கு மட்டும் தடையை விலக்கும்படி கேட்பதற்கு அமெரிக்கப் பாணியிலான வாசலை அது வைக்கவில்லை. வீட்டுக்கும் காருக்கும் ஏற்படும் தடையை இவ்வளவு இறுக்கமாகப் போட்ட அமெரிக்கச் சட்டத்துக்கு, அதைத் தளர்த்தும் வழியையும் கூடவே வைக்கவேண்டிய கட்டாயம் இருந்தது.

362-ஆம் பிரிவின் உட்பிரிவு ஒன்று அந்த வழியைத் தருகிறது. நீதிபதி தடையை முழுவதுமாக முடித்துவைக்கலாம், பகுதியாக மாற்றலாம், நிபந்தனை விதித்துத் தொடரவிடலாம், தடை ஆரம்பத்திலிருந்தே இல்லாததுபோல ரத்தும் செய்யலாம். கடைசியாகச் சொன்னது அபூர்வம். திவால் மனு பதிவானது தெரியாமல் ஏலம் நடந்துவிட்டது, கடனாளியோ அதை வேண்டுமென்றே மறைத்தார் என்பதுபோன்ற நிலைமைகளில், நடந்து முடிந்ததைக் காப்பாற்ற அந்த ஆணை உதவும்.

மனு போடுவதற்குச் சட்டம் ஏற்கும் காரணங்களில் முதலாவது, ‘தக்க காரணம்’ என்ற பொதுவான சொல்லில் அடங்கியிருக்கிறது. அதற்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு, ஈட்டுக்குப் போதுமான பாதுகாப்பு இல்லாமல் போவது. ஒருவருடைய காரின்மேல் 18,000 டாலர் கடன் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். காரின் இன்றைய சந்தை மதிப்பு 14,000. அவர் தினமும் அதில் வேலைக்குப் போகிறார். ஓட ஓட மாதம் 300 டாலர் மதிப்புக் குறைகிறது. திவால் மனு போட்டபின் தவணையும் கட்டவில்லை. போதாக்குறைக்கு இன்சூரன்ஸும் காலாவதியாகிவிட்டது. நாளைக்கே கார் எங்காவது மோதி நொறுங்கினால் நிதி நிறுவனத்தின் ஈடு பழைய இரும்பு. சட்டம் விதித்த தடையால்தான் நிறுவனம் காரை எடுக்க முடியாமல் நிற்கிறது. அப்படியிருக்கக் காரின் தேய்மானத்தை அது ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தின் 361-ஆம் பிரிவு விடை சொல்கிறது. மதிப்புக் குறையும் அளவுக்குப் பணமாகக் கட்டலாம். வேறு சொத்தின்மேல் மாற்று உரிமை தரலாம். அல்லது சந்தேகத்துக்கு இடமில்லாதபடி இழப்பை ஈடுகட்டும் வேறு ஏற்பாடு செய்யலாம். மேலே சொன்ன கார்க்காரர் இன்சூரன்ஸைப் புதுப்பித்து, மாதம் 300 டாலர் கட்டுவதாக ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் கார் அவரிடமே இருக்கும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் நீதிபதிக்குத் தடையை விலக்குவதைத் தவிர வேறு வழி அதிகம் கிடையாது. இன்சூரன்ஸ் விஷயத்தில் நீதிமன்றங்கள் குறிப்பாகக் கறாராக இருக்கின்றன.

‘போதுமான பாதுகாப்பு’ எதுவரை நீளும் என்பதை 1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஹூஸ்டனில் டிம்பர்ஸ் ஆஃப் இன்வுட் ஃபாரஸ்ட் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் உரிமையாளர்கள் 1982-இல் 41 லட்சம் டாலர் கடன் வாங்கி, 1985 மார்ச்சில் மறுசீரமைப்புக்காக 11-ஆம் அத்தியாயத்தின்கீழ்த் திவால் மனு போட்டார்கள். அப்போது பாக்கி சுமார் 43 லட்சத்து 66 ஆயிரம். கட்டடத்தின் மதிப்போ 26 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் 42 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் இடையில் எங்கோ இருந்தது. ஆக, முழுக் கடனுக்கும் ஈடு போதவில்லை. ஆனால் மதிப்பு விழவில்லை. மிக மெதுவாக ஏறிக்கொண்டுதான் இருந்தது. கடன் கொடுத்த டெக்சாஸ் யுனைடெட் சேவிங்ஸ் நிறுவனம் வேறு வாதத்தை வைத்தது: தடை இல்லாவிட்டால் இந்தக் கட்டடத்தை விற்று, வரும் பணத்தை வேறிடத்தில் வட்டிக்கு விட்டிருப்போம், அந்த வாய்ப்பு பறிபோனதற்கு மாதாமாதம் ஈடு தரவேண்டும்.

உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. நீதிபதி ஸ்காலியா எழுதிய அந்தத் தீர்ப்பின்படி, சட்டம் பாதுகாப்பது ஈடான பொருளின் மதிப்பை மட்டுமே. மதிப்பு குறைந்தால் ஈடு உண்டு. வெறுமனே காத்திருந்ததற்குக் கூலி கிடையாது. கடனைவிட ஈட்டின் மதிப்பு அதிகமாக இருப்பவருக்குத்தான் இடைக்கால வட்டி கிடைக்கும் என்று சட்டத்தின் வேறொரு பிரிவு சொல்லியிருக்கும்போது, ஈடு போதாதவருக்கு அதைப் பின்வாசல் வழியாகத் தர முடியாது என்பது அதன் தர்க்கம். வங்கிகளுக்கு இது கசப்பான தீர்ப்பு. திவாலான தொழிலுக்கோ இது உயிர்மூச்சு. கையில் உள்ள கொஞ்சப் பணமும் முதல் மாதத்திலிருந்தே வட்டியாகப் போய்விட்டால், சம்பளம் கொடுக்கவும் சரக்கு வாங்கவும் என்ன மிஞ்சும்? அதே தீர்ப்பு கடன் கொடுத்தவர் கையிலும் ஓர் ஆயுதத்தைக் கொடுத்தது. மறுசீரமைப்பு நியாயமான காலத்துக்குள் வெற்றிபெறும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிறது என்று கடனாளி காட்டவேண்டும். வெறும் நம்பிக்கையை வைத்துக்கொண்டு காலம் கடத்த முடியாது என்று அது அழுத்திச் சொன்னது.

இந்த ஆயுதம் சட்டத்தின் இரண்டாவது காரணத்தைச் சேர்ந்தது. அதில் இரண்டு பாதிகள்: சொத்தில் கடனாளிக்கு உபரி மதிப்பு எதுவும் இல்லை, பயனுள்ள மறுசீரமைப்புக்கு அந்தச் சொத்து தேவையும் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் தடை விலகும். உபரி மதிப்பைக் கணக்கிடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது; வழக்கறிஞர்களே சிலசமயம் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு வீடு 3,00,000 டாலர் பெறுமானம் என்று கொள்வோம். முதல் அடமானக் கடன் 2,40,000. இரண்டாம் அடமானக் கடன் 70,000. முதல் அடமானக்காரர் பாதுகாப்பு இல்லை என்று சொல்லி வந்தால், அவருக்குப் பின்னால் நிற்பவரின் கடனைக் கணக்கில் எடுப்பதில்லை. அவருடைய கடனுக்குமேல் 60,000 டாலர், அதாவது வீட்டின் மதிப்பில் 20 விழுக்காடு, மெத்தையாக இருக்கிறது. அந்த அளவு மெத்தை போதும் என்றே பல நீதிமன்றங்கள் சொல்லிவந்திருக்கின்றன. பத்து பதினொரு விழுக்காடு என்றால் போதாது என்று சொல்லும் தீர்ப்புகள் உண்டு. இடைப்பட்ட அளவுக்கு நீதிபதியின் கணிப்புதான். அதே வங்கி இரண்டாவது காரணத்தைச் சொல்லி வந்தால் கணக்கு மாறுகிறது. அப்போது வீட்டின்மேல் உள்ள எல்லாக் கடனையும் கூட்டவேண்டும்: 3,10,000. வீட்டின் மதிப்பைவிடக் கடன் 10,000 அதிகம். கடனாளிக்கு உபரி ஒன்றுமில்லை. ஒரே வீடு, ஒரே வங்கி, ஒரே நாள். கேள்வி மாறியதும் விடையும் மாறிவிட்டது.

உபரி இல்லாத அந்த வீடும் கைவிட்டுப் போய்த்தான் தீரும் என்பதில்லை. 13-ஆம் அத்தியாயத்தின்கீழ் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பாக்கியைத் தவணையாகத் தீர்க்கும் திட்டத்தோடு வந்திருக்கும் குடும்பத்துக்கு, குடியிருக்கும் வீடு தேவையான சொத்து என்று நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. 7-ஆம் அத்தியாயத்தில் அந்த வாதம் எடுபடாது. சொத்தை விற்றுப் பங்கிட்டு, மீதிக் கடனிலிருந்து விடுவிப்பதுதான் அந்த அத்தியாயத்தின் வேலை. மறுசீரமைப்பு என்பதே அங்கு இல்லாததால், உபரி இல்லை என்று காட்டிவிட்டாலே வங்கியின் வேலை முடிந்தது.

நிரூபிக்கவேண்டியவர் யார் என்பதிலும் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. சொத்தில் உபரி மதிப்பு இல்லை என்பதை மனுதாரர் நிரூபிக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் எதிர்ப்பவர், பெரும்பாலும் கடனாளி, நிரூபிக்க வேண்டும். பாதுகாப்பு இல்லை என்று வங்கி ஒரு முகாந்திரத்தைக் காட்டினால் போதும். இருக்கிறது என்று நிலைநாட்டும் சுமை கடனாளியின் தோளுக்கு வந்துவிடும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஒருவருக்கு இந்தச் சுமை எவ்வளவு கனமானது என்பதைச் சட்டப் புத்தகங்கள் போதிய அளவு பேசுவதில்லை.

மனுவின் நடைமுறை சிக்கலானதில்லை. தாக்கல் கட்டணம் ஏறக்குறைய 200 டாலர். கடன் பத்திரம், அடமானப் பத்திரத்தின் நகல், பாக்கிக் கணக்கு, தவறிய தவணைகளின் விவரம், சொத்து மதிப்பீடு ஆகியவற்றோடு, கணக்கைப் பார்க்கும் அலுவலரின் பிரமாண வாக்குமூலமும் இணைக்கப்படும். கடனாளிக்கும் அவரது வழக்கறிஞருக்கும் திவால் சொத்தைக் கவனிக்கும் டிரஸ்டிக்கும் நகல் போகவேண்டும். எதிர்மனு போட எத்தனை நாள் என்பதை அந்தந்த நீதிமன்றத்தின் உள்விதி சொல்லும். பல இடங்களில் 14 நாள்.

இணைக்கும் பத்திரங்கள் வெறும் சம்பிரதாயமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2007-ஐ ஒட்டி வீட்டுக்கடன் நெருக்கடி வெடித்தபோது அது மாறியது. ஒரு வங்கி கொடுத்த கடன் இன்னொரு வங்கிக்கு விற்கப்பட்டு, ஆயிரக்கணக்கான கடன்களோடு கட்டாகக் கட்டப்பட்டு முதலீட்டாளர்களுக்குக் கைமாறியிருந்தது. தவணை வசூலிக்கும் நிறுவனம் ஒன்று, கடனுக்கு உண்மையான சொந்தக்காரர் வேறொன்று. மனு போட்டவரிடம் கடன் பத்திரம் இருக்கிறதா, அது கைமாறிய சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று நீதிபதிகள் கேட்கத் தொடங்கினார்கள். பதில் சொல்ல முடியாத மனுக்கள் திருப்பி அனுப்பப்பட்டன. வீட்டை எடுக்க வருபவர் முதலில் தான் யார் என்று காட்டவேண்டும் என்ற எளிய விதி, தாமதமாகவேனும் உயிர்பெற்றது.

சொத்தின் மீதான மனு என்றால் காலக்கெடு ஓடத் தொடங்கிவிடுகிறது. மனு போட்ட 30 நாளுக்குள் தடையைத் தொடரும்படி நீதிமன்றம் ஆணையிடாவிட்டால் அந்தச் சொத்தின்மீது தடை தானாகவே முடிந்துவிடும். அதற்குள் முதற்கட்ட விசாரணை நடத்தி, எதிர்ப்பவர் வெல்ல நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று கண்டால் நீதிபதி தடையை நீட்டலாம்; இறுதி விசாரணையை அதிலிருந்து 30 நாளுக்குள் முடிக்கவேண்டும் என்பது பொதுவிதி. தனிநபர் வழக்குகளில் 2005-இல் வந்த திருத்தம் மொத்தத்துக்கும் 60 நாள் எல்லை போட்டது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டாலோ நல்ல காரணம் இருந்தாலோ அது நீளும். வாய்தாவுக்குமேல் வாய்தா வாங்கி இழுத்தடிக்கும் வழக்கத்தை இந்தக் கெடு வெட்டிவிடுகிறது.

எதிர்மனு வராமலேயே முடிந்துபோகும் மனுக்கள் ஏராளம். கடனாளி வீட்டை விட்டுவிடுவதென்று ஏற்கெனவே முடிவு செய்திருப்பார். அல்லது நோட்டீஸின் பொருள் புரியாமல் மேசையில் வைத்துவிட்டிருப்பார். முதல் வகையில் இழப்பு ஒன்றுமில்லை. இரண்டாம் வகைதான் வேதனை. ஒரு பக்க எதிர்மனு போட்டிருந்தால் பேச்சுவார்த்தைக்காவது இடம் கிடைத்திருக்கும்.

எதிர்த்து நிற்கும் வழக்குகளில் பெரும்பகுதி சமரச ஆணையில் முடிகிறது. 13-ஆம் அத்தியாயத்தில் இருப்பவர் மாதம் 1,500 டாலர் வீட்டுத் தவணையை மூன்று மாதம் கட்டத் தவறியிருந்தால் பாக்கி 4,500. அதை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 750. வழக்கமான தவணையோடு சேர்த்து 2,250 கட்டுவதாக ஒப்பந்தம் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடும். அடுத்து வரும் பத்திதான் ஆபத்தானது. மறுபடி ஒரு தவணை தவறினால் வங்கி எழுத்து மூலம் தெரிவிக்கும். குறிப்பிட்ட நாளுக்குள் கட்டாவிட்டால் மேற்கொண்டு விசாரணை இல்லாமலேயே தடை விலகும் என்று அதில் இருக்கும். மூன்று மாதம் 1,500 கட்ட முடியாதவர் ஆறு மாதம் 2,250 கட்டுவாரா என்று கையெழுத்திடுமுன் அவரும் அவரது வழக்கறிஞரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும்.

சொத்தைப் பற்றிய மனுக்களைத் தவிர வேறு வகையும் உண்டு. வேறொரு நீதிமன்றத்தில் பாதியில் நிற்கும் வழக்கை முடிக்க அனுமதி கேட்பது அது. விபத்தில் காயமடைந்தவர் கார் ஓட்டியவர்மீது வழக்குப் போட்டிருக்க, ஓட்டியவர் திவாலாகிவிடுகிறார். இழப்பீடு வரப்போவது இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து. ஓட்டியவரின் சொத்தில் ஒரு காசும் தொடமாட்டோம் என்று காயமடைந்தவர் சொன்னால் அனுமதி எளிதில் கிடைக்கும். இப்படிப்பட்ட கோரிக்கைகளை எடைபோட நியூயார்க் உள்ளிட்ட பகுதிக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990-இல் சானக்ஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் பன்னிரண்டு அம்சங்களை வகுத்தது. பாதியில் நிற்கும் வழக்கு தீர்ப்புக்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறது, சிறப்பு அறிவுள்ள நீதிமன்றம் அதை விசாரிக்கிறதா, இன்சூரன்ஸ் பொறுப்பேற்றிருக்கிறதா, மற்றக் கடன்காரர்களுக்குப் பாதகம் வருமா என்பவை அவற்றில் சில.

ஒரே வங்கியில் கடனும் கணக்கும் வைத்திருப்பவர் திவாலானால் ஒரு தர்மசங்கடம். கணக்கில் உள்ள பணத்தைக் கடனுக்கு நேர்செய்துகொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. ஆனால் தடை அதை நிறுத்துகிறது. அனுமதி கேட்டு மனு போடுவதற்குள் பணத்தைக் கடனாளி எடுத்துவிட்டால்? மேரிலாண்ட் சிட்டிசன்ஸ் வங்கி சுமார் 5,000 டாலர் பாக்கிக்காகக் கணக்கை நிறுத்திவைத்துவிட்டு, சில நாளிலேயே தடை விலக்கு மனு போட்டது. 1995-இல் உச்ச நீதிமன்றம் இது தடை மீறல் ஆகாது என்றது. பணத்தை எடுத்துக்கொள்ளவில்லை, அனுமதி கேட்கும்வரை தற்காலிகமாகப் பிடித்துவைத்தது மட்டுமே என்பது காரணம். 2021 ஜனவரியில் சிகாகோ நகராட்சி வழக்கிலும் இதே இழை தெரிகிறது. அபராதம் கட்டாதவர்களின் கார்களை நகராட்சி முன்பே பிடித்து வைத்திருந்தது. உரிமையாளர்கள் திவால் மனு போட்டபிறகும் திருப்பித் தரவில்லை. வெறுமனே வைத்திருப்பது மட்டும், தடையின் ஓர் உட்பிரிவை மீறுவதாகாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. வேலைக்குப் போகக் கார் இல்லாமல் திவால் தவணையை எப்படிக் கட்டுவது என்ற கேள்வி அந்த உரிமையாளர்களுக்குத் தீரவில்லை. காரைத் திரும்பப் பெற அவர்கள் தனி நடவடிக்கை எடுக்கவேண்டியிருக்கிறது.

தடையைத் துஷ்பிரயோகம் செய்பவர்களும் உண்டு. ஏலத்துக்கு முந்தின நாள் மனு போடுவது, வழக்குத் தள்ளுபடியானதும் அடுத்த ஏலத்துக்கு முன் மறுபடி போடுவது என்று சிலர் வருடக்கணக்கில் ஓட்டினார்கள். வீட்டில் ஒரு சிறு பங்கை யாரோ ஒருவருக்கு எழுதிக்கொடுத்து, அந்த ஆளின் பெயரில் திவால் மனு போட்டு ஏலத்தை நிறுத்தும் தந்திரமும் நடந்தது. 2005 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் இரண்டுக்கும் பூட்டுப் போட்டது. முந்தைய ஓராண்டில் ஒரு வழக்கு தள்ளுபடியாகியிருந்தால் புதிய வழக்கில் தடை 30 நாள்தான். இரண்டு தள்ளுபடியாகியிருந்தால் தடை வருவதே இல்லை. நல்லெண்ணத்தோடுதான் மறுபடி வந்தேன் என்று நிரூபித்துத் தடையைக் கேட்டு வாங்கவேண்டியது கடனாளியின் பொறுப்பு. சொத்துப் பரிமாற்றத் தந்திரம் நிரூபணமானால் நீதிபதி தரும் ஆணையைப் பத்திரப்பதிவில் ஏற்றலாம். அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு அந்த மனையை யார் திவால் வழக்கில் கொண்டுவந்தாலும் தடை அதை மூடாது. ஒரே கட்டடத்தின் வாடகையை மட்டும் நம்பியிருக்கும் நிறுவனங்களுக்கும் தனிக் கெடு இருக்கிறது: 90 நாளுக்குள் நிறைவேறக்கூடிய திட்டத்தைத் தாக்கல் செய்யவேண்டும், இல்லையேல் மாதாமாதம் வட்டி கட்டத் தொடங்கவேண்டும்.

அவசரம் என்றால் மறுதரப்புக்குச் சொல்லாமலேகூட ஆணை கேட்கலாம். நோட்டீஸ் கொடுத்து விசாரணை நடக்கும்வரை காத்திருந்தால் ஈடு திருத்தமுடியாத சேதம் அடைந்துவிடும் என்று காட்டவேண்டும். அழுகும் சரக்கு, காப்பீடு இல்லாமல் ஊர் எல்லை தாண்டப்போகும் லாரி போன்றவற்றுக்கு இது பொருந்தும். சாதாரணத் தவணை பாக்கிக்கு எந்த நீதிபதியும் இதைத் தரமாட்டார்.

அனுமதி வாங்காமல் கை வைப்பவருக்குத் தண்டனை உண்டு. திவால் மனு இருப்பது தெரிந்தும் வேண்டுமென்றே வசூலில் இறங்கினால், பாதிக்கப்பட்ட தனிநபர் உண்மையான நஷ்டத்தையும் வழக்கறிஞர் செலவையும் கேட்டு வாங்கலாம். தகுந்த சந்தர்ப்பத்தில் தண்டனை இழப்பீடும் சேரும். சந்தேகம் இருக்கும்போது முதலில் மனுப் போட்டுவிடுவது நல்லது என்று வங்கிகளின் வழக்கறிஞர்கள் சொல்வது இதனால்தான்.

ஆணை கையில் வந்த அன்றே வங்கி வீட்டுக்குப் போய்விட முடியாது. வேறுவிதமாக நீதிபதி சொல்லாவிட்டால், ஆணை 14 நாள் செயல்படாமல் நிற்கும். மேல்முறையீட்டுக்குப் போகவோ, பணம் திரட்டவோ கடனாளிக்குக் கிடைக்கும் கடைசி அவகாசம் அது. கெடு முடிந்தபின் வங்கி விட்ட இடத்திலிருந்து, மாநிலச் சட்டப்படி தொடரலாம்; அறிவிப்பு, விளம்பரம், ஏலம் எல்லாம் அந்தச் சட்டப்படிதான். தடை விலகியது அந்தச் சொத்துக்கு மட்டும். வீடு ஏலத்தில் போய் 20,000 டாலர் குறைந்தால், 7-ஆம் அத்தியாயத்தில் கடன் விடுவிப்புப் பெற்றவரிடம் அந்த மீதியைக் கேட்க முடியாது. ஏலத்தில் கடனைவிட அதிகம் கிடைத்தால் உபரி வங்கிக்குச் சேராது. 13-ஆம் அத்தியாயத்தில் கடனாளியோடு சேர்ந்து கையெழுத்துப் போட்ட அண்ணனையோ மாமனாரையோ வீட்டுச் செலவுக் கடனுக்காகப் பிடிக்க நினைத்தால், அவர்களைக் காக்கும் தடை தனி. அதற்கு வேறு அனுமதி வாங்கவேண்டும்.

மனு தோற்றால் என்ன செய்வது என்பதை 2020 ஜனவரியில் ரிட்சன் குரூப் வழக்கு தீர்மானித்தது. டென்னசி மாநிலத்தில் நில விற்பனை ஒப்பந்தம் முறிந்து, ஜாக்சன் மேசன்ரி நிறுவனத்தின்மீது ரிட்சன் போட்ட வழக்கு விசாரணைக்கு வரவிருந்த தறுவாயில் ஜாக்சன் திவால் மனு போட்டது. வழக்கைத் தொடர அனுமதி கேட்ட ரிட்சனின் மனு தள்ளுபடியாயிற்று. அதற்கு உடனே மேல்முறையீடு செய்யாமல் திவால் நீதிமன்றத்திலேயே தன் உரிமையைக் கோரி, அங்கும் தோற்றபிறகு இரண்டையும் சேர்த்து எதிர்த்தது. காலம் கடந்துவிட்டது என்று நீதிபதி கின்ஸ்பர்க் எழுதிய ஒருமித்த தீர்ப்பு சொன்னது. தடை விலக்கை நிபந்தனையின்றி மறுக்கும் ஆணை, திவால் வழக்கு எத்தனை ஆண்டு நீண்டாலும், அன்றே இறுதியானது. மேல்முறையீட்டுக்கு அந்த நாளிலிருந்து 14 நாள்தான்.